இந்த வாரச் சங்கேதம்

மில்பரி, ஒஹையோ
24 செப்டம்பர் 1923

அன்புத் தம்பி எமிலுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, காபிக்குக்கூட அடுப்பு மூட்டாமல், உன் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கான சங்கேதத்தை எழுதி முடித்தேன். விழிக்கும்போதே முழுதாக மனதில் இருந்தது. முகம் கழுவினால் போய்விடுமோ என்று பயம். நான் சுகம். மாலையானால் வலது கண்ணில் மட்டும் நீர் கோர்க்கிறது. அறுபது பெண்களின் ஜியோமெட்ரி நோட்டுகளைத் திருத்தினால் யாருக்கும் கோர்க்கும். நீயும் ஸ்டாஷாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மூக்கு நேராகிவிட்டதா, இல்லை அது இனி அப்படித்தானா?

போன வருஷம் உன் தோளோடு தோள் நின்ற டர்கின் இந்த ஞாயிறு எதிர்ப்பக்கம் என்று பேப்பரில் பார்த்தேன். உங்கள் ஆட்டத்தில் இதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். பத்து டாலர் கூடக் கிடைத்தால் ஆள் மாறிவிடுகிறான், நம் சங்கேதமும் அவனோடு போய்விடுகிறது. நல்லதுதான், ஒன்பது வருஷமாக அதனால்தான் வாரம் ஒரு கடிதமாவது நமக்குள் ஓடுகிறது.

இதுதான் கணக்கு. நீ நான்கு எண்களைக் கத்துவாய். முதல் எண் ஒற்றைப்படை என்றால் இரண்டாவது எண்தான் உண்மை. இரட்டைப்படை என்றால் மூன்றாவது. அந்த உண்மை எண்ணிலிருந்து, ஆட்டம் எத்தனையாவது கால்பகுதியில் இருக்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். மீதியில் பத்துகளின் இலக்கம், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது யார் என்பது. ஒன்றுகளின் இலக்கம், எதிரணி வரிசையில் எந்தச் சந்து வழியாக என்பது. மற்ற எண்கள் வெறும் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான் கணக்குப் போட்டுத் தருவது தெரிந்தால் சர்ச்சில் என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். பத்திரம். தோல் தொப்பியைப் போட்டுக்கொள்.

உன் அக்கா
அடேலா


ஹார்லன், ஒஹையோ
2 அக்டோபர் 1923

பிரியமுள்ள அக்காவுக்கு எமில் எழுதுவது.

நாங்கள் இருவரும் சௌக்கியம். மூக்கு இனி அப்படித்தான். உன் கண்ணுக்கு டாக்டரைப் பார்.

பதின்மூன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். டர்கின் எதிரே குனிந்து நின்று நான் கத்துகிற எண்களையெல்லாம் வாய் திறந்து கேட்டான். ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது கால்பகுதியில் என்னைப் பார்த்து, “ஏண்டா எமில், உங்க அக்கா இன்னும் கல்யாணம் பண்ணிக்காம கணக்குதான் போட்டுட்டிருக்காங்களா?” என்றான். “உன்னை மாதிரி ஆளுங்களப் பாத்துட்டுதான் பண்ணிக்கல”ன்னேன். நடுவரே சிரித்துவிட்டார்.

மூன்றாவதில் ஆள் குவியலுக்கு அடியில் யாருடைய முழங்காலோ என் தலையில் பட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குக் காவலாக முன்வரிசையில் நிற்கிற வாசில்தான் தூக்கி நிறுத்தினான். “எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியுதா?” என்றான். “உன் மூஞ்சிக்கு எதிர்ப்பக்கம்”னேன். அம்மோனியாவை முகரவைத்தார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான். வெளியே போனால் அந்தக் கால்பகுதி முடியும்வரை திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். மேனேஜர் ரீஸ் செத்தவனைக்கூட வெளியே விடமாட்டான்.

தொப்பி போட்டால் காது அடைக்கிறது அக்கா.

ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கழித்தல் பையன்களுக்குக் குழப்பமாக இருக்கிறதாம். கொஞ்சம் சுலபமாகப் போடேன்.

அன்புடன்
எமில்


மில்பரி
4 அக்டோபர் 1923

அன்புள்ள எமிலுக்கு,

சுகம், உன் சுகத்தை அறிய ஆவல். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

கழித்தலை எடுத்துவிட்டேன். ஒற்றை, இரட்டை மட்டும் அப்படியே இருக்கட்டும். ஆனால் உன் காரணம் எனக்கு ஒட்டவில்லை. வாசில் உருக்காலையில் உலைக்கு எத்தனை வண்டி தாது, எத்தனை வண்டி கரி என்று மனக்கணக்காகவே போடுகிறவன் என்று நீதான் எழுதியிருந்தாய். அவனுக்கா ஒன்றிலிருந்து நான்குவரை கழிக்கத் தெரியாது?

எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தாய் என்பதை நீ எழுதவில்லை. அதை மட்டும் எழுது.

அடேலா


ஹார்லன்
17 அக்டோபர் 1923

அக்காவுக்கு,

இரண்டு வாரமாக எழுதவில்லை, கோபிக்காதே. ஆலையில் வேலை ஜாஸ்தி. இரண்டு ஆட்டமும் நமக்குத்தான். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஸ்டாஷா முட்டைக்கோஸ் ஊறப்போட்டு வீடே நாறுகிறது. வாசிலுக்கு முன்பல் போய்விட்டது, சீட்டியடித்தால் காற்றுதான் வருகிறது.

இந்த ஒற்றைப்படை, இரட்டைப்படையும் வேண்டாம் அக்கா. எப்போதும் இரண்டாவது எண்தான் என்று வைத்துவிடேன். கத்துவதற்கும் சுலபம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எமில்


மில்பரி
19 அக்டோபர் 1923

அன்புள்ள எமிலுக்கு,

வாசிலின் பல் போன கதையைக் கேட்டுச் சிரித்தேன், பிறகு வருத்தமாகிவிட்டது. நான் நலம்.

கேட்டபடி இரண்டாவது எண் என்றே வைத்துவிட்டேன். வாரத்துக்கு வாரம் ஆட்களுக்கும் சந்துகளுக்கும் உரிய இலக்கங்களை மட்டும் மாற்றித் தருகிறேன். இதை என் வகுப்புப் பெண்கள் பத்து நிமிஷத்தில் உடைத்துவிடுவார்கள். டர்கினுக்கு அரை ஆட்டம் ஆகலாம்.

நீ கேட்டதை நான் செய்துவிட்டேன். நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. நீ சின்ன வயதில் பொய் சொல்லமாட்டாய், பேச்சை மாற்றுவாய். முட்டைக்கோஸைப் பற்றி இவ்வளவு விவரமாக நீ எழுதி இதுவரை பார்த்ததில்லை.

அடேலா


ஹார்லன்
30 அக்டோபர் 1923

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். உனக்குச் சந்தோஷமான செய்தி. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை விவரமாக எழுதுகிறேன், நான் எதையும் எழுதுவதில்லை என்று குறைப்படுகிறாயே.

ஆட்டம் சமநிலையில் நின்றது. பத்தாயிரம் கண்கள் என்மேல். நான் வலப்பக்கச் சந்தில் மின்னலாகப் புகுந்து, நால்வரை நாணலைப்போல் உதறித் தள்ளி, நாற்பத்தேழு கஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினேன். ஹார்லன் நகரம் இப்படியொரு ஓட்டத்தைக் கண்டதில்லை. ஜனங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேலியில் என் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். கடைசி ஆட்டம் நவம்பர் 29, நன்றி நாளில். அன்று எங்களோடு மோதும் பெரிய அணியில்தான் டர்கின் இப்போது இருக்கிறான். அதில் ஜெயித்தால் மாநிலத்திலேயே நாங்கள்தான் முதல்.

எமில்


மில்பரி
1 நவம்பர் 1923

அன்புள்ள ஸ்டாஷாவுக்கு,

நீ நலமா? உன் அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நாம் இருவரும் கிறிஸ்துமஸ் அட்டைக்கு மேல் எழுதிக்கொண்டதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் பற்றி எமில் எழுதியிருந்தான். உங்கள் ஊர்ப் பேப்பர் எனக்குத் தபாலில் வருகிறது. மின்னல், நாணல், பத்தாயிரம் கண்கள் எல்லாம் திங்கட்கிழமைப் பேப்பரில் வரிக்கு வரி இருக்கின்றன. அதில்கூட எனக்குப் பயமில்லை. எழுத வராதவன் பார்த்து எழுதினான் என்று விட்டுவிடுவேன். ஆனால் அந்தப் பேப்பர் செவ்வாய்க்கிழமை ஒரு திருத்தம் போட்டிருந்தது. அவன் ஓடியது இடப்பக்கம். நிருபர் மாற்றி எழுதிவிட்டார். ஓடிய கால் எமிலுடையது, ஸ்டாஷா. அவனும் ஏன் வலப்பக்கம் என்று எழுதுகிறான்?

உள்ளதை எழுது.

அடேலா


ஹார்லன்
13 நவம்பர் 1923

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஸ்டாஷா வணக்கம்.

அம்மாவுக்கு வலி தேவலை. இங்கே முதல் பனி விழுந்தது. முன்னறைக்குப் புதுத் திரை தைத்தேன், பச்சை நிறம். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அந்த ஓட்டம் அவருக்கு ஞாபகமில்லை. அன்று சாயங்காலம் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்து, “நேரமாச்சே, ரீஸ் வண்டி அனுப்பலியா? ஆட்டம் ரெண்டு மணிக்கில்ல?” என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். மறுநாள் பேப்பரை அவரே நாலு தரம் படித்தார்.

உங்கள் சங்கேதம் வந்ததும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் ஸ்பூன்களை ஆளுக்கு ஒன்றாக வைத்து, இருபது தடவை, முப்பது தடவை. சனிக்கிழமை சரியாகச் சொல்வார், ஞாயிறு காலையில் பாதிதான் இருக்கும். அப்புறம் வாசில் இருக்கிறார். தன் இடத்தில் குனிந்து நின்றபடியே முணுமுணுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். இவர் அதை வாங்கிக் கத்துகிறார். மற்ற பையன்களுக்குத் தெரியாது. “உங்க வீட்டுக்காரர் நல்லா இருந்தாதான் என் பல்லு மிஞ்சும்”னு வாசில் என்னிடம் சிரிக்கிறார். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஆலையில் அவருக்கு ஃபோர்மேன் வேலை கொடுத்தது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். பந்தை விட்டால் அந்த வேலை எத்தனை நாள் இருக்கும்? அதைவிட, தெருவில் நடந்தால் தொப்பியைத் தூக்குகிறார்களே, அது இல்லாமல் அவர் எப்படி நடப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். தயவுசெய்து சுலபமாகவே போடுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

ஸ்டாஷா


மில்பரி
15 நவம்பர் 1923

எமிலுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. இல்லை என்று தெரியும்.

யார் சொன்னார்கள் என்று கேட்காதே. உன் கடிதமேதான் சொன்னது. நீ ஓடியது இடப்பக்கம்.

நன்றி நாள் ஆட்டத்துக்குப் போகாதே. கிளீவ்லண்டில் மூளை நரம்புக்கு ஒரு டாக்டர் இருக்கிறார், எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் மைத்துனர். எழுதி நாள் கேட்டிருக்கிறேன். முழங்கால் பிசகிவிட்டது என்று ரீஸிடம் சொல். முழங்காலுக்காக உட்காருகிறவனை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. என்னோடு வந்து இரண்டு மாதம் இரு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஒன்பது வருஷத்தில் நான் உன்னிடம் எதையும் வேண்டிக் கேட்டதில்லை.

அக்கா


ஹார்லன்
20 நவம்பர் 1923

அடேலாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஹார்லனில் யாரை வேண்டுமானாலும் கேள்.

என்னை உன் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் என்று நினைத்துக்கொண்டாயா? முழங்கால் என்று பொய் சொல்லச் சொல்கிறாய், நீயா? எட்டு வருஷமாக ஒரு ஆட்டத்தில்கூட நான் வெளியே போனதில்லை. அதைத்தான் இந்த ஊர் பேசுகிறது. ஓட்டத்தை எவனும் ஓடுவான். நேற்று சாராயக்கடையில், சரி, மதுவிலக்கு வந்த பிறகு சோடாக்கடைதானே, அங்கே ஒரு கிழவன், “எமிலு, நீ நிக்கிற வரைக்கும் நாங்க தோக்க மாட்டோம்பா” என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவனிடம் போய் நான் உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லவா?

சில காலைகளில் பனிமூட்டம் மாதிரி இருக்கிறது. மத்தியானம் விலகிவிடும். எல்லோருக்கும் உண்டு. அதை நீ கிளீவ்லண்டுக்கெல்லாம் எழுதுவாயா?

சங்கேதத்தை அனுப்பு. அடுத்த செவ்வாய் சாயங்காலம் ஆலைக் கிடங்கில் பதினொரு பேரும் ஒத்திகை பார்க்கிறோம். நீ அனுப்பாவிட்டால் பழையதை வைத்துக்கொண்டே இறங்குவேன். பழையது டர்கினுக்கு அத்துப்படி, நான் எந்தச் சந்தில் வருவேன் என்று அங்கேயே முழங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அதற்கு அப்புறம் நீ கவலைப்பட எதுவும் பாக்கி இருக்காது. யோசித்துக்கொள்.

எப்போதும் போடுகிற மாதிரி, இரண்டாவது எண். வேறொன்றும் கேட்கவில்லை.

எமில்


மில்பரி
26 நவம்பர் 1923, திங்கள்

அன்புத் தம்பி எமிலுக்கு,

இந்தக் கடிதத்தை இன்றைக்குத் தபாலில் சேர்க்கப்போவதில்லை. நன்றி நாள் கழியட்டும். நான் சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. நீயாவது சுகமாக இருக்க வேண்டும்.

ஆறு நாளாக உன் கடிதத்தோடு இருக்கிறேன். அனுப்பினால் விளையாடுவாய். அனுப்பாவிட்டால் அதைவிட மோசமாக அடிவாங்கி விளையாடுவாய். மிக நன்றாகக் கதவை அடைத்திருக்கிறாய். உனக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

எனக்கு வேறொன்று புரிய இத்தனை நாளாயிற்று. அக்டோபரில் நீ கழித்தலை எடுக்கச் சொன்னபோது நான் எடுக்காமல் இருந்திருந்தால், அந்த வாரமே கிடங்கு ஒத்திகையில் பதினொரு பேருக்கும் தெரிந்திருக்கும். நீ தடுமாறத் தடுமாற நான் படியை இறக்கிக்கொண்டே வந்தேன். நீ எங்கும் இடறவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. உன்மேல் சந்தேகம் வந்த பிறகும் இறக்கினேன். பாசத்தால் என்று சொல்லிக்கொண்டேன். உன்னோடு சண்டை வேண்டாம் என்பதும் அதில் இருந்தது. ஸ்டாஷாவுக்கு ஸ்பூன்கள், வாசிலுக்கு முணுமுணுப்பு, எனக்கு இரண்டாவது எண். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உன்னைத் தூக்கித் தூக்கி நிறுத்தினோம்.

இப்போது மேஜையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் நீ கேட்டது. மற்றதில் செப்டம்பரில் போட்டதைவிடக் கடினமானது. ஒற்றை, இரட்டை உண்டு, கழித்தல் உண்டு, எந்தப் பக்கக் கோலை நோக்கி ஆடுகிறீர்கள் என்பதற்கு ஏற்ப இலக்கம் திரும்பும். உங்கள் அணியில் ஆறு பேராவது ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள், வாசில் அரை மணியில். ஆனால் இதைக் கத்துகிறவன் அந்த நொடியில் தானே கணக்குப் போட்டுக் கத்த வேண்டும். பக்கத்தில் குனிந்து நிற்கிறவன் முணுமுணுத்து ஒப்பேற்ற முடியாது.

செவ்வாய் சாயங்காலம் கிடங்கில் நீ முதல் தடவை கத்துவாய், ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை யாரோ, “எமிலு, என்னப்பா ஆச்சு உனக்கு?” என்று கேட்பார்கள். ரீஸ் மழுப்பப் பார்ப்பான், பார்க்கட்டும். தப்பான எண்ணை நம்பி விலாவைக் கொடுக்க உங்கள் முன்வரிசை ஆட்கள் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ உட்காருவாய். வேறொருவன் கத்துவான். டர்கின் இதை நான்கு கால்பகுதியிலும் உடைக்க முடியாது, அதற்கு நான் பொறுப்பு. உன் அணிக்கு நான் துரோகம் செய்யவில்லை. செய்வது உனக்கு.

நீ கேட்ட ஒரே விஷயம் இரண்டாவது எண். என்னை நம்பி உறையைப் பிரிப்பாய். அதை நினைத்துத்தான் மத்தியானம்வரை இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றி மடித்துக்கொண்டிருந்தேன். பதினொரு பேர் முன்னால் வேண்டாம், தனியாகச் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. சொல்லியாகிவிட்டது, நீ எழுதிய பதில் முன்னால் இருக்கிறது.

ஆகவே கடினமானதை இப்போது உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். நான்கு மணித் தபாலில் சேர்த்தால் நாளைக் காலை உன் கைக்கு வரும், ஸ்டாஷா ஸ்பூன்களை வைத்துச் சொல்லிக்கொடுக்க நாள் இருக்காது. வேண்டுமென்றேதான் இவ்வளவு தாமதித்தேன். அவளுக்கு எழுதவில்லை. வாசிலுக்கும் இல்லை. தலைமையாசிரியையிடம் விடுப்புகூட இன்னும் கேட்கவில்லை, காலையில்தான் கேட்க வேண்டும்.

நாளை பகல் ரயிலில் ஹார்லனுக்கு வருகிறேன். ஒத்திகை முடிந்து நீ வெளியே வரும்போது கிடங்கு வாசலில் நிற்பேன். யார்மேலாவது கத்த உனக்கு ஒரு ஆள் வேண்டும்.

அக்கா